பன்றி இருமினால் ரத்தம் என்ன சொல்லும்?

"சார், ரத்தத்தை எடுத்து டெஸ்ட் பண்ணிட்டா என்ன நோயின்னு தெரிஞ்சிடும் இல்ல?"

வெண்பன்றி வளர்க்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ரத்தப் பரிசோதனை மேல் இருக்கும் நம்பிக்கை தனி. சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்கும் குடும்பங்களைப் பார்த்தே பழகியவர்கள் நாம். மனிதனுக்கு ரத்தம் எடுத்தால் தெரிவது பன்றிக்கும் தெரியாதா என்று நினைப்பது இயல்புதான்.

பன்றிக்கும் நல்ல ரத்தப் பரிசோதனைகள் உண்டு. நுரையீரலைத் தாக்கும் பாக்டீரியாக்களில் சிலவற்றுக்கு ஆன்டிபாடி சோதனை உலகம் முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று தெரிந்துகொள்ளாமல் ரத்தம் எடுத்தால் இரண்டு நஷ்டம். சோதனைக்குக் கொடுத்த பணம் ஒன்று. தப்பாகப் படித்த ரிப்போர்ட்டை நம்பி பண்ணை முழுக்க ஏற்றும் ஊசி இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய நஷ்டம்.

இருமல் ஒன்று, காரணம் பல

முதலில் இருமலைப் பார்ப்போம்.

மூன்று, நான்கு மாத வயதில் நன்றாகத் தின்றுகொண்டே வறட்டு இருமல் இருமும் பன்றிகளில் அடிக்கடி காணப்படுவது மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி. முழுப்பெயர் மைக்கோபிளாஸ்மா ஹயோநிமோனியே. மூச்சுக்குழாயில் தூசியை வெளியே தள்ளும் மெல்லிய மயிர்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றைத்தான் இது அழிக்கும். சாவு குறைவு. ஆனால் தின்ற தீவனம் எடையாக மாறாது. விற்கும் தேதி தள்ளிக்கொண்டே போகும். இந்தக் கிருமி கதவைத் திறந்துவிட்ட பிறகு பாஸ்சுரெல்லா போன்ற வேறு கிருமிகள் உள்ளே புகுந்து நிமோனியாவை முற்ற வைக்கும். மாட்டுக்குத் தொண்டை அடைப்பான் வருகிறதே, அதுவும் பாஸ்சுரெல்லா இனத்தால் வருவதுதான்.

நேற்று மாலை நன்றாக இருந்த பன்றி காலையில் மூக்கில் ரத்த நுரையோடு செத்துக் கிடந்தால் சந்தேகப்பட வேண்டியவற்றில் முக்கியமானது ஆக்டினோபேசில்லஸ் என்ற கிருமி. பிழைத்த பன்றிகள் பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். தொண்டைச் சதையில் கிருமியைச் சுமந்துகொண்டே புதுப் பண்ணைக்கும் போகும்.

கிருமியே இல்லாமலும் பன்றி இருமும். உருளைப்புழுவின் இளம்புழுக்கள் நுரையீரல் வழியாகத்தான் பயணம் செய்யும். அப்போது இருமல் வரும். மார்கழிக் குளிருக்குத் தார்ப்பாய் கட்டி மூடிய கொட்டகையில் மூத்திர வாடை, அதாவது அம்மோனியா, தேங்கினாலும் இருமல் வரும். தூசித் தீவனமும் போதும்.

இத்தனைக்கும் ஒரே ஊசி எப்படிச் சரியாகும்? ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவர் கிடையாது. பென்சிலின் வகை மருந்துகள் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுத்துத்தான் பாக்டீரியாவைக் கொல்கின்றன. சுவரே இல்லாத கிருமியிடம் பென்சிலினுக்கு வேலை இல்லை. நோயின் பெயர் தெரியாமல் ஊசி போடுவது எவ்வளவு வீண் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

ரத்தத்தில் தேடுவது எதை?

ஆன்டிபாடி சோதனை ரத்தத்தில் கிருமியைத் தேடுவதில்லை. கிருமியைப் பார்த்த உடல், அதை எதிர்க்கச் செய்து வைத்த புரதத்தைத் தேடுகிறது. அதைத்தான் ஆன்டிபாடி என்கிறோம், தமிழில் எதிர்ப்பொருள். ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனி எதிர்ப்பொருள், பூட்டுக்குச் சாவி போல.

இன்று அதிகம் செய்யப்படுவது எலிசா. 1971இல் ஸ்வீடனில் எங்வால், பெர்ல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை. 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் கிருமியின் ஒரு பகுதியைப் பூசி வைத்திருப்பார்கள். அதில் பன்றியின் சீரத்தைச் சொட்டுவார்கள். அந்தக் கிருமிக்கான எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் கழுவும்போது போய்விடும். ஒட்டியிருப்பதைக் காட்ட, நிறம் உண்டாக்கும் நொதியைச் சேர்ப்பார்கள். நிறம் எவ்வளவு அடர்த்தி என்று இயந்திரம் அளந்து சொல்லும்.

தோல் தொழில் நடக்கும் ஊர்களில் இருப்பவர்களுக்கு இதன் பழைய உறவு ஒன்றையும் சொல்லலாம். அஸ்கோலி சோதனை என்று ஒன்று, 1911இல் வந்தது. அடைப்பான் நோயில் செத்த மாட்டின் தோலா என்று கண்டுபிடிக்க, தோலிலிருந்து எடுத்த சாற்றையும் அடைப்பானுக்கான எதிர்ப்பொருள் உள்ள சீரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துவார்கள். இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளை வளையம் தெரிந்தால் அடைப்பான். அங்கே தெரிந்த எதிர்ப்பொருளை வைத்துக் கிருமியின் தடயத்தைத் தேடினார்கள். இங்கே தெரிந்த கிருமியை வைத்து எதிர்ப்பொருளைத் தேடுகிறோம். பூட்டும் சாவியும் அதேதான்.

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். எதிர்ப்பொருள் என்பது பாஸ்புக் வரவு. எப்போதோ ஒரு பரிவர்த்தனை நடந்தது என்பதற்குச் சாட்சி. இன்றைக்குப் பையில் பணம் இருக்கிறதா என்று அது சொல்லாது. கிருமி நேற்று வந்ததா, மூன்று மாதம் முன்பு வந்து போய்விட்டதா, அல்லது தடுப்பூசியால் வந்த வரவா, ஒரு வரியை மட்டும் பார்த்தால் தெரியாது.

மனிதர்களுக்கு டைபாய்டு என்று பார்க்கும் விடால் டெஸ்ட்டை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1896இல் வந்த அதுவும் எதிர்ப்பொருள் சோதனைதான். டைபாய்டு புழங்கும் ஊரில் நல்ல உடம்புக்காரனுக்கும் அது கொஞ்சம் பாசிட்டிவ் காட்டும். ஒரு தடவை பார்த்து மாத்திரை எழுதக் கூடாது, நாள் இடைவெளி விட்டு இரண்டாவது ரத்தம் எடுத்து, அளவு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது பாடப்புத்தக விதி. அந்த விதி பன்றிக்கும் பொருந்தும்.

ராணிப்பேட்டை தரும் பாடம்

அப்படியென்றால் எதிர்ப்பொருள் சோதனை எதற்கு? அதன் முழு பலம் தெரிய வேண்டுமானால் நம் ராணிப்பேட்டையைப் பார்க்க வேண்டும்.

அங்குள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932இல் தொடங்கப்பட்டது, மாடுகளின் வெக்கை நோய்க்கு எதிர்ப்புச் சீரம் தயாரிப்பதற்காக. நோயை எதிர்த்து நின்ற மாட்டின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்து மற்ற மாடுகளைக் காப்பாற்றிய காலம் அது. பின்னாளில் அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், வெள்ளைக்கழிச்சல் என்று பல நோய்களுக்கான தடுப்பு மருந்துகள் அங்கிருந்து நம் தொழுவங்களுக்கு வந்தன.

வெக்கை நோய் ஒழிந்த கதையில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. இந்தியாவில் கடைசியாக நோய் கண்டது 1995இல், தமிழ்நாட்டில். நோய் கண்ணில் படவில்லை என்பதற்காக ஒழிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. தடுப்பூசி போட்டுக்கொண்டே இருந்தால் எல்லா மாட்டிலும் எதிர்ப்பொருள் இருக்கும், எது ஊசியால் வந்தது, எது நோயால் வந்தது என்று பிரிக்க முடியாது. அதனால் துணிந்து தடுப்பூசியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பிறந்த கன்றுகளின் ரத்தத்தில் தேடினார்கள். ஊசியே பார்க்காத கன்றில் எதிர்ப்பொருள் இருந்தால், நோய்க்கிருமி எங்கோ ஒளிந்திருக்கிறது. இல்லையென்றால் ஊர் சுத்தம். இப்படி நாடு முழுவதும் பார்த்த பிறகுதான் 2006இல் இந்தியாவுக்கு வெக்கை நோய் இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. 2011இல் உலகமே விடுபட்டது.

இதில் எந்த ஒரு மாட்டுக்கும் வைத்தியம் பார்க்க ரத்தம் எடுக்கவில்லை. மந்தையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள். எந்த வயது மாட்டிடம் கேட்டால் பொய் இல்லாத பதில் வரும் என்று யோசித்துக் கேட்டார்கள். எதிர்ப்பொருள் சோதனை மந்தையின் சோதனை. தனிப் பன்றியின் சோதனை அல்ல.

ஐந்து வாரக் குட்டியின் 'பாசிட்டிவ்'

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தம்பி, கடன் வாங்கி வெண்பன்றி வைத்திருக்கிறார். வளரும் பன்றிகள் இருமின. பிடிக்க எளிது என்பதால் மூன்று சின்னக் குட்டிகளிடம் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். மூன்றும் மைக்கோபிளாஸ்மா பாசிட்டிவ். "எல்லாத்தையும் தள்ளிட்டு வேற தொழில் பாரு" என்றார் ஒருவர். "குட்டி, பெரிசு எல்லாத்துக்கும் ஊசி போட்டுடு" என்றார் இன்னொருவர். தம்பி ரிப்போர்ட்டோடு என்னிடம் வந்து, "மேனேஜர் சார், வித்துட்டுக் கடனை அடைச்சிடட்டுமா?" என்றார்.

விற்பதற்கு முன்னால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவோம் என்று அழைத்துப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "குட்டிக்கு என்ன வயசு?" ஐந்து வாரம். "இது குட்டியோட ரத்தம் இல்லைப்பா, தாயோட சீம்பால்" என்றார்.

பன்றிக்குட்டி எதிர்ப்பொருள் இல்லாமலேதான் பிறக்கிறது. பன்றியின் நச்சுக்கொடி வழியாக அது குட்டிக்குப் போகாது. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில்தான் தாயின் எதிர்ப்பொருள் முழுவதும் வருகிறது. அது பல வாரங்கள் குட்டியின் ரத்தத்தில் நிற்கும், பிறகு மெல்லக் கரையும். ஐந்து வாரக் குட்டி பாசிட்டிவ் என்றால் தாய் எப்போதோ அந்தக் கிருமியைப் பார்த்திருக்கிறாள் என்று பொருள், குட்டிக்கு நோய் என்று அல்ல. குட்டி நன்றாகச் சீம்பால் குடித்திருக்கிறது என்ற நல்ல செய்தியும் அதில் உண்டு.

மருத்துவர் வயது வாரியாக ரத்தம் எடுத்தார். தாய்ப்பன்றிகள், ஐந்து வாரம், பத்து வாரம், பதினைந்து வாரம், இருபது வாரம். ஐந்தில் பாசிட்டிவ், பத்தில் இல்லை, பதினைந்தில் ஒன்றிரண்டு, இருபதில் கிட்டத்தட்ட எல்லாம். மைக்கோபிளாஸ்மாவுக்கு எதிர்ப்பொருள் வரப் பல வாரங்கள் ஆகும். அப்படியானால் கிருமி பிடித்தது பத்து வாரத்தை ஒட்டித்தான். அந்தப் பண்ணையில் பத்தாவது வாரத்தில் என்ன நடக்கிறது? குட்டிகளைப் பெரிய கொட்டகைக்கு மாற்றி, இருமிக்கொண்டிருந்த பெரிய பன்றிகளுக்குப் பக்கத்தில் அடைத்தார்கள். வேண்டியிருந்தது பண்ணை முழுவதுக்கும் ஊசி அல்ல, நடுவில் ஒரு சுவரும் வேறு வழியும். அடுத்த அணிக் குட்டிகளில் இருமல் நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. தம்பி பன்றிகளை விற்கவில்லை.

எந்தக் கிருமிக்கு இது உதவும்?

மைக்கோபிளாஸ்மாவுக்கு உதவும். தடுப்பூசி போட்டிருந்தால் அதனால் வந்த எதிர்ப்பொருளும் அதே நிறம்தான் காட்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ரத்தம் அனுப்பும்போது தடுப்பூசி விவரம் எழுதாவிட்டால் ரிப்போர்ட்டுக்கு அர்த்தமில்லை.

ஆக்டினோபேசில்லஸுக்கும் உதவும். இதில் பதினைந்துக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஏபிஎக்ஸ் நான்கு என்ற நச்சுக்கான எலிசா கெட்டிக்காரத்தனமானது. கிருமி பன்றியின் உடலுக்குள் பெருகும்போதுதான் அந்த நச்சைச் சுரக்கிறது. அதனால் சாதாரணத் தடுப்பூசியால் வரும் எதிர்ப்பொருளையும் உண்மையான தொற்றையும் பிரித்துச் சொல்லும்.

பாஸ்சுரெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், கிளாசர் நோய்க் கிருமி ஆகியவற்றுக்கு இந்தச் சோதனையால் பெரிய பயன் இல்லை. நல்ல பன்றிகளின் மூக்கிலும் தொண்டையிலும் இவை குடியிருக்கும். எல்லாம் பாசிட்டிவ் வந்தால் அதை வைத்து என்ன செய்வீர்கள்? இவற்றுக்குச் செத்த பன்றியின் நுரையீரலிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான் வழி. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதும் அப்போது தெரியும்.

இன்றைக்கு எந்தக் கிருமி உள்ளே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தொண்டை அல்லது நுரையீரல் மாதிரியில் பி.சி.ஆர். சோதனை. திடீர் திடீரெனப் பல பன்றிகள் செத்தால் ரத்த எலிசாவுக்குக் காத்திருக்காதீர்கள். அது ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். 2020இல் அசாம், அருணாசலத்தில் நுழைந்து, 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் கண்டறியப்பட்ட நோய் அது. எதையும் வெளியே விற்காமல், பிணத்தை வீசாமல், கால்நடைத் துறைக்கு உடனே சொல்லுங்கள்.

எத்தனை பன்றி, எந்த வயது?

பாலாற்றங்கரை உழவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. தோல் கழிவு பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் காலம் தொட்டு நாம் தண்ணீரைச் சோதிக்கப் பழகியவர்கள். ஒரு கிணற்றை ஒருமுறை சோதித்தால் அந்தக் கிணற்றின் அன்றைய உப்பு தெரியும். வரிசையாகப் பல கிணறுகளை, மழைக்கு முன்னும் பின்னும் சோதித்தால்தான் அழுக்கு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும். பண்ணையில் கிணற்று வரிசைக்குப் பதில் வயது வரிசை.

எண்ணிக்கைக்கும் ஒரு கணக்கு உண்டு. நூறு பன்றியில் பத்துக்குத் தொற்று இருந்தால், அதில் ஒன்றாவது கையில் சிக்கும் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நம்பிக்கையோடு சொல்ல சுமார் 25 பன்றிகளின் ரத்தம் வேண்டும். பாதிக்குப் பாதி தொற்று இருந்தால் ஐந்தே போதும். மூன்று குட்டியைப் பார்த்து 'நெகட்டிவ், பண்ணை சுத்தம்' என்பது வெறும் ஆறுதல்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நூற்றுக்கு இரண்டு முறை தவறாகப் பாசிட்டிவ் காட்டும் சோதனை என்று வையுங்கள். நோயே இல்லாத நூறு பன்றியில் இரண்டு பாசிட்டிவ் வரும். ஒரு செக் திரும்பி வந்தால் வாடிக்கையாளர் மோசடிக்காரர் ஆகிவிடுவதில்லை. திரும்பவும் பார்க்க வேண்டும்.

ரத்தம் எடுக்கும்போது

ரத்தம் எடுப்பது கால்நடை மருத்துவர் வேலை. கழுத்தின் ஆழத்தில் இருக்கும் நாளத்தில் எடுக்க வேண்டும். நாம் செய்ய வேண்டியவை இவை:

1. எலிசாவுக்கு வேண்டியது சீரம். உறையாமல் தடுக்கும் மருந்து போட்ட ஊதா மூடிக் குழாய் வேண்டாம், உறைய விடும் குழாய்தான் வேண்டும் என்பதை ஆய்வகத்திடம் முன்பே கேட்டு வாங்கி வையுங்கள்.

2. எடுத்ததும் குலுக்காதீர்கள். நிழலில் ஒரு மணி நேரம் உறைய விடுங்கள். வெயிலில் வண்டியில் வைத்தாலும், முழு ரத்தத்தை ஐஸாக உறைய வைத்தாலும் அணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிடும், சோதனை கெடும்.

3. சீரத்தைப் பிரித்து ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். ஒவ்வொரு குழாயிலும் எண். தனித்தாளில் அந்த எண்ணுக்கு நேராக வயது, கொட்டகை, தடுப்பூசி, போட்ட மருந்து.

4. அனுப்பும் முன் மருத்துவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "பாசிட்டிவ் வந்தா என்ன செய்வோம், நெகட்டிவ் வந்தா என்ன செய்வோம்?" இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தப் பணத்தைச் சேமித்துக்கொள்ளலாம்.

எங்கே அனுப்புவது என்பதை மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவில் கேளுங்கள். மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கால்நடை நலக் கல்வி மையம் இருக்கிறது. வெண்பன்றி வளர்ப்புக்குக் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. உங்கள் பன்றி கறிக்கடைக்குப் போகும் நாளில் கூடவே போய் நுரையீரலைப் பாருங்கள். முன் மடல்களின் கீழ்ப்பகுதி கருஞ்சிவப்பாக, இறைச்சி போலக் கெட்டியாக இருந்தால் மைக்கோபிளாஸ்மா சந்தேகம். நுரையீரல் நெஞ்சுக்கூட்டோடு ஒட்டிக் கிடந்தால் ஆக்டினோபேசில்லஸ் சந்தேகம். கல்லீரலில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் உருளைப்புழு. பத்துப் பன்றிகளின் நுரையீரலைக் குறிப்பெடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனால் பேச்சு நேராக விஷயத்துக்கு வரும்.

ரிப்போர்ட் வந்த பிறகு

ஸ்விட்சர்லாந்து 1996இல் தொடங்கி சுமார் எட்டு ஆண்டுகளில் மைக்கோபிளாஸ்மா நிமோனியாவைத் தன் பண்ணைகளிலிருந்து பெரும்பாலும் விரட்டியது. டென்மார்க்கில் நோயற்ற பண்ணைகள் என்று சான்று பெற்றவை தொடர்ந்து ரத்தம் கொடுத்துச் சான்றைக் காப்பாற்றிக்கொள்கின்றன. நம்மால் அந்த அளவுக்கு முடியாமல் போகலாம். ஆனால் அவர்கள் செய்ததன் சாரம் கொட்டகை ஒழுங்குதான், அது நம் கையில் இருக்கிறது. ஒரே வயதுக் குட்டிகளை ஒன்றாக உள்ளே விட்டு ஒன்றாக வெளியேற்றிக் கழுவிக் காயவிடுவது. வாங்கிவந்த பன்றியை ஒரு மாதமாவது தனியே வைப்பது. நெரிசலைக் குறைப்பது. குட்டி எல்லாவற்றுக்கும் சீம்பால் கிடைக்கச் செய்வது. ஓட்டல் மிச்சம் போடுவதானால் கொதிக்க வைத்தே போடுவது. கொட்டகையில் பன்றியின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து மூச்சு விட்டுப் பாருங்கள். நம் கண் எரிந்தால் அதன் நுரையீரலும் எரிகிறது.

மருந்தே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மூச்சு வாங்கும் பன்றியை மருந்தில்லாமல் சாக விடுவது இயற்கை வேளாண்மை ஆகாது. நோயுற்ற பன்றிக்கு, மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன நாள் வரை கொடுங்கள். கறிக்கு அனுப்பும் முன் விட வேண்டிய இடைவெளியைக் கடைப்பிடியுங்கள். நோயில்லாத பன்றிக்கும் சேர்த்து ஏற்றுவதைத்தான் நிறுத்த வேண்டும். டெட்ராசைக்கிளின் போன்ற மருந்துகளில் கணிசமான பங்கு மாறாமலே சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியேறுகிறது. அந்த எருவைத்தான் நம் நிலத்தில் கொட்டுகிறோம். உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் மருந்தை 2019இல் மத்திய அரசு தடை செய்ததும் இந்தக் கவலையால்தான். மனிதனுக்குக் கடைசி நம்பிக்கையாக வைத்திருக்கும் மருந்து அது.

தோல் கழிவுக்காக ஆற்றை இழந்த மண் இது. அந்த நிலத்தில் நாம் சேர்த்துவரும் உயிர்ச்சத்தை நம் கையாலேயே மருந்து எச்சத்தால் கெடுக்கக் கூடாது. அடுத்த முறை பன்றி இருமும்போது ஊசிக்கும் ரத்தக்குழாய்க்கும் முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். எந்த வயது, எந்தக் கொட்டகை, எத்தனை, எப்போது முதல் என்று எழுதுங்கள். அந்த நோட்டைப் பார்த்து மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொன்னால் எடுங்கள்.